சூடு ஆறும் முன்: எச்.ஆர். காயில் நாளைக்கு எப்படி உருவாகும்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷத்துக்கு மேல் சூடான எஃகை உருட்டும் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சேலத்தில் இரும்பாலை ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ளமோவும் பி.இ.யும் படிக்கிற பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். கிரில் பட்டறை வைத்திருப்பவர்கள், தகடு வாங்கி விற்பவர்கள் எனத் தெரிந்தவர்களும் வந்து உட்காருவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எச்.ஆர். காயில் என்று சொல்கிறீர்களே, அதை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்?

எச்.ஆர். என்றால் ஹாட் ரோல்டு, அதாவது சூடாக உருட்டியது. காயில் என்றால் அந்தப் பட்டையின் சுருள். உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் அதில்தான் செய்தது. லாரி சேஸிஸ், போர்வெல் பைப், வெல்டிங் கடைகளில் கறுப்பாக அடுக்கி வைத்திருக்கும் தகடு, எல்லாமே சூடாக உருட்டிய பட்டைதான். எவர்சில்வர் தட்டும் டம்ளரும்கூட முதலில் எச்.ஆர். பட்டையாகப் பிறந்தவை. பிறகு அமிலத்தில் குளித்து, குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை உருட்டப்பட்டு அந்தப் பளபளப்பைப் பெறுகின்றன.

சரி, இப்போது அதை எப்படிச் செய்கிறார்கள்?

உருக்கிய எஃகை 200 முதல் 250 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்லாபாக, அதாவது பாளமாக, வார்க்கிறார்கள். அது ஆறுகிறது. பிறகு உலையில் ஏற்றி 1200, 1250 டிகிரி வரை மறுபடி சூடாக்குகிறார்கள். வெளியே வந்ததும் மேலே படிந்த செதிலை (ஆக்சைடு ஓட்டை) உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சி உரிக்கிறார்கள். முதல் கட்ட உருளைகள் அதை 30, 40 மில்லிமீட்டராகக் குறைக்கும். அடுத்து வரிசையாக நிற்கும் ஆறு அல்லது ஏழு ஸ்டாண்டுகள், அதாவது உருளைகள் பொருத்திய சட்டங்கள், ஒரே ஓட்டத்தில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கிவிடும். கடைசியில் தண்ணீர்த் திரையால் குளிரவைத்துச் சுருட்டினால் காயில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 மில்லிமீட்டர் கனம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு ஸ்லாப் 2 மில்லிமீட்டர் பட்டையானால் நீளம் 1150 மீட்டர். அகலம் ஒன்றேகால் மீட்டர் என்றால் எடை ஏறக்குறைய 22 டன். இவ்வளவும் சில நிமிஷங்களில் நடந்து முடிகிறது. 1920-களில் அமெரிக்காவில் ஜான் டைட்டஸ் என்பவர் தொடர் உருட்டாலையை ஓட்டிக் காட்டினார். அதற்கு முன்பு இதே தகட்டை ஆட்கள் இடுக்கியால் பிடித்து, தாள் தாளாக உருளைக்குள் தள்ளிச் செய்தார்கள். நூறு வருஷமாகியும் அடிப்படை பெரிதாக மாறவில்லை.

நூறு வருஷமாக நன்றாக ஓடுவதில் மாற்ற என்ன இருக்கிறது?

மேலே எழுதியதில் "அது ஆறுகிறது" என்ற இரண்டு சொற்களைத்தான் மாற்ற வேண்டும். எஃகு 1500 டிகிரிக்கு மேல் திரவமாக இருந்தது. அந்தச் சூட்டை உண்டாக்கக் கரியோ மின்சாரமோ செலவழித்தாயிற்று. அதை யார்டில் ஆற விட்டுவிட்டு, திரும்ப 1200 டிகிரிக்கு ஏற்றுகிறோம். ஒரு டன் எஃகை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகக் கணக்குப்படியே சுமார் 225 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த 22 டன் ஸ்லாப் ஒன்றுக்கே ஐயாயிரம் யூனிட். உலையின் புகைபோக்கி வழியே போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இந்தத் துறையில் எந்தப் புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் படித்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: திரவத்துக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள தூரத்தை இது எவ்வளவு குறைக்கிறது? மெல்லிய ஸ்லாப், முடிவில்லா உருட்டல், நேரடிப் பட்டை வார்ப்பு, மூன்றும் அந்த ஒரு கேள்விக்கு வந்த மூன்று பதில்கள்.

மெல்லிய ஸ்லாப் முறை என்பது என்ன?

ஸ்லாபை 230 மில்லிமீட்டரில் வார்க்காமல் 50 மில்லிமீட்டரில் வார்த்துவிட்டால் முதல் கட்ட உருட்டல் தேவையில்லை. ஆற விடாமல் நீளமான சுரங்கம் மாதிரி உலை வழியாக நேராக உருளைகளுக்கே அனுப்பலாம். 1989-இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கிராஃபர்ட்ஸ்வில் ஊரில் நூகோர் நிறுவனம் ஜெர்மனியின் எஸ்.எம்.எஸ். வடிவமைத்த இந்த முறையை உலகத்தில் முதலில் வணிக அளவில் ஓட்டியது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் சின்ன ஆலைகூடத் தகடு செய்யலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது. இந்தியாவில் டோல்வி, ஹசீரா, ஜாம்ஷெட்பூர் ஆகிய இடங்களில் இந்த வகை லைன்கள் இருக்கின்றன. இதை எதிர்காலம் என்று சொல்ல மாட்டேன். வந்து நிலைத்துவிட்ட நிகழ்காலம்.

முடிவில்லா உருட்டல் என்கிறார்களே, அது எப்படி முடிவில்லாமல் ஓடும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண ஆலையில் ஒவ்வொரு பட்டையின் தலையையும் ஏழு ஸ்டாண்டுக்குள்ளும் நுழைக்க வேண்டும். அதேபோல் வாலையும் பத்திரமாக வெளியே விட வேண்டும். ஆபத்தெல்லாம் தலையிலும் வாலிலும்தான். கனம் குறையக் குறையத் தலை காற்றில் துள்ளும், வால் மடிந்து உருளையைக் கீறும். அதனால் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகச் சொன்னாலே ஆபரேட்டருக்கு வியர்க்கும். தலையும் வாலும் இல்லாத பட்டை ஒன்று இருந்தால்? வார்ப்பிலிருந்து வெட்டாமல், ஒரே நாடாவாக, நேராக உருளைக்குள் ஓடவிட்டால்? முதலில் கனமாக ஆரம்பித்து, ஓட்டத்திலேயே இடைவெளியைக் குறைத்து 1 மில்லிமீட்டருக்கும் கீழே போகலாம். ஓடும் பட்டையை நிறுத்தாமலே வெட்டும் 'பறக்கும் கத்தரி' கடைசியில் காயில் அளவுக்கு வெட்டிக்கொள்ளும்.

இத்தாலியில் கிரெமோனா ஊரில் அர்வேதி நிறுவனம் 2009-இல் இதை ஓட்டிக் காட்டியது. வார்ப்பு முனையிலிருந்து காயில் சுற்றும் இடம் வரை மொத்தம் 180 மீட்டர்தான். பழைய பாணி ஆலையில் உருட்டும் வரிசை மட்டுமே அதைவிட நீளமாக இருக்கும். நடுவில் சூடேற்ற எரிவாயு உலை இல்லை, மின்காந்தப் புலத்தால் எஃகையே சூடாக்கும் மின்தூண்டல் சூடேற்றி இருக்கிறது. பட்டை 0.8 மில்லிமீட்டர் வரை வருகிறது. தென்கொரியாவில் போஸ்கோவும் இதே வழியில் இறங்கியது. சீனாவில் ரிஷாவ் ஆலை ஒன்றுக்கு மேற்பட்ட லைன்களைப் போட்டது.

இதை ஏன் ஐம்பது வருஷம் முன்பே செய்யவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. உள்ளே போகும் கனமும் வேகமும் பெருக்கினால் வருவது, வெளியே வரும் கனமும் வேகமும் பெருக்கினால் வருவதற்குச் சமம். பழைய ஸ்லாப் 230 மில்லிமீட்டர், வார்ப்பு வேகம் நிமிஷத்துக்கு 1.2 மீட்டர். அதை நேராக 2 மில்லிமீட்டர் ஆக்கினால் கடைசி ஸ்டாண்டில் பட்டை வரும் வேகம் நிமிஷத்துக்கு 138 மீட்டர், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர். மெதுவாக ஓடும் ஆளின் வேகம். அந்த வேகத்தில் மெல்லிய பட்டை கடைசி ஸ்டாண்டுக்கு வருவதற்குள் ஆறிவிடும், பிறகு உருட்ட முடியாது. 90 மில்லிமீட்டர் ஸ்லாபை நிமிஷத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் வார்க்க முடிந்தால் 1 மில்லிமீட்டர் பட்டை நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும். மணிக்கு 32 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம். அது போதும். ஆக, உருட்டுவதில் இருந்த தடை உண்மையில் வார்ப்பில்தான் இருந்தது. அச்சுக்குள் எஃகு அந்த வேகத்தில் இறங்கும்போது மேல்தோல் கிழியாமல் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

குறையும் உண்டு. எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால், ஒரு ஸ்டாண்டு நின்றால் வார்ப்பும் நிற்கும். நடுவில் உருளை மாற்ற முடியாது. காலையில் ஒரு கிரேடு, மாலையில் இன்னொன்று என்று ஓட்டுவதும் கஷ்டம்.

நேரடியாகப் பட்டையாகவே வார்க்க முடியாதா, சார்?

முடியும். கோடையில் ரோட்டோரம் கரும்பு ஜூஸ் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளை எதிரெதிராகச் சுற்றும், நடுவில் கரும்பு போகும். கரும்புக்குப் பதில் மேலிருந்து உருகிய எஃகை ஊற்றுங்கள், உருளைகளுக்குள் தண்ணீர் ஓடட்டும். எஃகு உருளையைத் தொட்ட நொடிக்குள் உறைந்து, கீழே 2 மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டையாக இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹென்றி பெஸ்ஸெமர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதை வணிக அளவில் ஓட்ட 2002 ஆயிற்று. அதுவும் அதே கிராஃபர்ட்ஸ்வில் ஊரில்தான். காஸ்ட்ரிப் என்பது அதன் பெயர்.

இதிலும் குறைகள் உண்டு. உருளைகளின் இரண்டு முனையிலும் எஃகு வழியாமல் அடைத்துப் பிடிக்கும் பீங்கான் பலகைகள் சீக்கிரம் தேய்கின்றன. உருளையின் மேற்பரப்பும் அப்படியே. கூடவே, 230 மில்லிமீட்டரிலிருந்து நசுங்கி வரும் எஃகில் வார்ப்பின் குறைகள் மூடிக்கொள்கின்றன. இதில் உருட்டிக் குறைப்பது கொஞ்சம்தான், அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. அதனால் எல்லா கிரேடுக்கும் இது வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

கஞ்சமலைத் தாதுவில்தான் நம் இரும்பாலை ஓடுகிறதா?

இல்லை. இரும்பாலை என்று நாம் சொல்லும் சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்திலேயே இருப்பதால் ஊரில் பாதிப் பேர் அப்படி நினைக்கிறார்கள். கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்த பாறை. அதில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், பொடித்துப் பிரித்துச் செறிவூட்டாமல் உலைக்கு ஆகாது. ஆரம்ப காலத் திட்டத்தில் அந்தத் தாது இருந்தது. ஆலை வந்தபோது எவர்சில்வர் ஆலையாக வந்தது. மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் இருப்பது வேறு ஆலை. அங்கே தாதுவை உருக்கும் ஊது உலை உண்டு, ஆனால் அது ராடு வகைகள் செய்கிறது, தகடு அல்ல.

அப்படியானால் இரும்பாலைக்கு எந்தப் புது முறை பொருந்தும்? கிரெமோனா மாதிரி ஒன்று இங்கே வருமா?

1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் குளிர் உருட்டாலை ஓட ஆரம்பித்தது. சூடான உருட்டாலை 1995-இல், உருக்குக் கூடம் 2010-இல். வரிசையைக் கவனியுங்கள், கடைசி வேலைக்கான ஆலை முதலில் வந்தது, முதல் வேலைக்கானது கடைசியில் வந்தது. அதனால் பல வருஷம் ஸ்லாபை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் உருட்டினார்கள்.

இங்கே இருப்பது ஸ்டெக்கல் மில். ஏழு ஸ்டாண்டு வரிசை கிடையாது. பட்டை ஒரே ஸ்டாண்டு வழியே முன்னும் பின்னும் போய் வரும். இரண்டு பக்கமும் உலைக்குள் சுழலும் டிரம் இருக்கும். பட்டை ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் அந்தச் சூடான டிரம்மில் சுற்றிக்கொண்டு, சூடு குறையாமல் திரும்பி வரும். எவர்சில்வர் சூட்டிலும் முரட்டுத்தனமானது, உருட்ட ஏற்ற வெப்ப எல்லையும் குறுகியது. அதனால் அதற்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. சாதா எஃகு டிரம்மில் சுற்றினால் செதில் மேலும் மேலும் படியும். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை குறைவு. பட்டையின் இரு நுனியும் டிரம்முக்குள் போகாமல் வெளியே நிற்பதால் ஆறிப்போய், வெட்டி எறிய வேண்டியிருக்கும். அது இதன் குறை.

கிரெமோனா வகை லைன் ஒன்று வருஷத்துக்கு 20 லட்சம் டன் அளவுக்கு ஓடினால்தான் கட்டுபடியாகும். இரும்பாலையின் உருக்குக் கூடம் வருஷத்துக்கு 1.8 லட்சம் டன் ஸ்லாபுக்காகக் கட்டியது. நம் ஒரு வருஷத்தை அந்த லைன் ஒரு மாதத்தில் விழுங்கிவிடும். இங்கே பல கிரேடுகள், சின்னச் சின்ன ஆர்டர்கள், நாணயத்துக்கான வட்டத் தகடு வரை செய்கிறார்கள். எனவே அந்த லைன் இங்கே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வருத்தப்பட ஒன்றுமில்லை.

இங்கே செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் வேறு. எவர்சில்வர் ஸ்லாபை வார்த்ததும் மேல்தோலைக் கல்லால் இழைக்கிறார்கள். இழைக்க வேண்டும் என்றால் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆற வேண்டும். ஆறினால் அந்த ஐயாயிரம் யூனிட் போயிற்று. இழைக்கத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தமான தோலோடு வார்ப்பது, 800 டிகிரியில் சிவப்பாக இருக்கும்போதே குறையைக் கண்டுபிடிக்கும் கேமரா, சூடாகவே உலைக்குள் ஏற்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் சேலத்துக்கான எதிர்காலம் அதுதான். பத்திரிகையில் படம் வராத வேலை. ஆனால் இதில் மிச்சமாகும் ஒவ்வொரு டிகிரியும் காசு.

ஹைட்ரஜனில் உலை எரிப்பார்களாமே?

உருட்டும் முன் சூடேற்ற ஹைட்ரஜன் எரிக்கலாம் என்று 2020-இல் ஸ்வீடனில் ஓவாகோ நிறுவனம் ஹோஃபோர்ஸ் ஊரில் செய்து காட்டியது. எஃகின் தரத்தில் பாதிப்பு இல்லை என்றார்கள். ஆனால் ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதான் வரும். நீராவி மிகுந்த உலையில் செதில் படியும் விதம் மாறும். எவர்சில்வரில் அந்தச் செதிலை அமிலத்தில் கரைக்க வேண்டும் என்பதால், நம் கிரேடுகளுக்குத் தனியாகச் சோதிக்காமல் இறங்கக் கூடாது.

மின்சாரத்தில் சூடேற்றலாமே என்றால், மெல்லிய பட்டைக்கு அது அருமையாக வேலை செய்யும். 200 மில்லிமீட்டர் ஸ்லாபில் மின்தூண்டல் வெளித்தோலைத்தான் முதலில் சூடாக்கும், உள்ளே சூடு இறங்கக் காத்திருக்க வேண்டும். சாதா எஃகு 770 டிகிரி வரை காந்தத்தன்மையோடு இருப்பதால் அதுவரை நன்றாகப் பிடிக்கும். 304 மாதிரி எவர்சில்வருக்குத் தொடக்கத்திலிருந்தே காந்தம் ஒட்டாது. அப்புறம், அந்த மின்சாரம் மேட்டூரில் கரி எரித்து வருகிறதா, ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்து வருகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

ஐரோப்பா கார்பன் வரி போடுகிறதே, அதனால் என்ன?

2023 அக்டோபரிலிருந்து அங்கே எஃகு இறக்குமதி செய்பவர்கள் கார்பன் கணக்குக் காட்ட வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து செய்யும் இறக்குமதிக்குக் காசும் கட்ட வேண்டும். நம் எஃகு அமைச்சகமும் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை கொடுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தால் அது பசுமை, 1.6-க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். சூடு வீணாவது இதுவரை ஆலைக்குள் இருந்த பிரச்சினை. இனி பில்லிலும் தெரியும்.

காயலான் கடை இரும்பில் நல்ல தகடு வருமா?

வரும், ஆனால் தாமிரம் ஒரு எதிரி. பழைய மோட்டார் சுருளும் ஒயரும் இரும்போடு சேர்ந்து உருகிவிட்டால் தாமிரத்தை உலையில் பிரித்தெடுக்க வழியில்லை. ஸ்லாபைச் சூடாக்கும்போது மேலே இரும்பு ஆக்சைடாகிச் செதிலாகப் போகும், தாமிரம் போகாமல் செதிலுக்கு அடியில் சேரும். 1100 டிகிரியில் அது உருகி எஃகின் மணிகளுக்கு (நுண்படிகங்களுக்கு) நடுவே இறங்கும். உருட்டும்போது மேல்தோல் வெடிக்கும். பட்டை வார்ப்பில் எஃகு அந்தச் சூட்டில் நிற்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. அந்த முறைக்கு எதிர்காலம் இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். எந்த முறை வந்தாலும் காயலான் கடையில் தாமிரத்தைத் தனியாகப் பிரித்துப் போடும் அந்த ஆளின் கை முக்கியம்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் ஆபரேட்டர் வேலை போய்விடுமா, அண்ணா?

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வடக்கே ஓர் ஆலையில் இரவு ஷிஃப்ட். 1.6 மில்லிமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உருளைகளின் இடைவெளியைக் கணினியே கணக்குப் போட்டு வைக்கும், அன்றும் அப்படித்தான். வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டருக்கு முன்னால் நீராவி மண்டியிருந்தது. அது வெப்பத்தைக் குறைத்துக் காட்டியது. பட்டை ஆறிவிட்டது, விறைப்பாக இருக்கும் என்று நம்பிய கணினி இடைவெளியை இறுக்கியது. உண்மையில் பட்டை சூடாக, மென்மையாக இருந்தது. நினைத்ததைவிட மெலிந்து, வேகமாக வெளியே வந்தது. ஸ்டாண்டுகளுக்கு நடுவே வளையம் பெருகி, இரண்டு நொடியில் சிவந்த பட்டை இடியாப்பம் மாதிரி மேலே குவிந்தது. இதைத்தான் காபிள் என்போம். கேஸ் கட்டரில் அறுத்து எடுக்க நாலு மணி நேரமாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. அதற்கு முந்தைய பட்டையிலேயே நாலாவது ஸ்டாண்டின் சத்தம் மாறிவிட்டது என்று பக்கத்தில் நின்ற மூத்த ஆபரேட்டர் சொல்லியிருந்தார்.

இன்றைய முறைகள் ஒரே பைரோமீட்டரை நம்புவதில்லை. விசை, மோட்டார் மின்னோட்டம், வேகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் சந்தேகப்படுகின்றன. அந்த மூத்தவரின் காது கேட்டதை மைக்கும் அதிர்வு உணரியும் பதிவு செய்கின்றன. இது நல்லதுதான். சிவந்த பட்டைக்குப் பக்கத்தில் மனிதன் நிற்க வேண்டிய நேரம் குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். ஆட்கள் குறைவார்கள் என்பதும் உண்மை, மறைக்க மாட்டேன். இருப்பவர்களுக்கு உலோகவியலும் தெரிய வேண்டும், தரவும் படிக்கத் தெரிய வேண்டும்.

இதில் சேலத்துக்கு வேறு பங்கு உண்டா?

ஏற்காடு அடிவாரம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியா 2800 டிகிரி வரை உருகாது. எஃகு உலைகளின் உள்சுவர்களுக்கு அந்த வகைச் செங்கல்தான் போகிறது. வார்ப்பு நிற்காமல் ஓட வேண்டும் என்றால் பாத்திரங்களின் உள்பூச்சு தாங்க வேண்டும். முடிவில்லா உருட்டல் பெருகினால் நல்ல தீச்செங்கல்லுக்குத் தேவை கூடும்.

நான் பீரோ பட்டறை வைத்திருக்கிறேன். 1 மில்லிமீட்டர் எச்.ஆர். வந்துவிட்டால் சி.ஆர். (குளிர்ந்த நிலையில் உருட்டிய) ஷீட்டை விட்டுவிடலாமா?

உள்தட்டு, பின்பலகை, சட்டம் போன்ற வெளியே தெரியாத பாகங்களுக்கு, அமிலத்தில் செதில் நீக்கிய மெல்லிய எச்.ஆர். போதும். குளிர் உருட்டல் செலவு மிச்சம். பெயின்ட் அடித்து முகப்பில் நிற்கும் கதவுக்கு இன்னும் சி.ஆர். ஷீட்தான் வாங்குங்கள், மேற்பரப்பு வித்தியாசம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். வளைவு கூர்மையாக இருந்தால் முதலில் ஒரு துண்டை உருளும் திசையிலும் குறுக்கேயும் மடித்துப் பாருங்கள். குறுக்கே மடிக்கும்போது விளிம்பு வெடிக்காமல் இருந்தும், உருளும் திசைக்கு இணையான மடிப்பில் வெடித்தால், வெட்டும் திசையை மாற்றினாலே சரியாகும். எந்த ஆலையில் எந்த முறையில் செய்தது என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் (ஒரே முறை உருக்கிய எஃகுக்கு ஆலை தரும் எண்) காயில் மேல் எழுதிய நம்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.